அகதி, குடியேறி, நாடற்றவர்: எல்லை கடந்த இடப்பெயர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே படகில் வந்தவர்களை ஒரு பத்திரிகை ‘அகதிகள்’ என்று எழுதுகிறது, இன்னொன்று ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என்கிறது. படிக்கிற நமக்கு அது நடை வித்தியாசம் போலத் தெரியலாம். படகில் வந்தவருக்கு அப்படி இல்லை. கோப்பில் எந்தப் பெயர் ஏறுகிறதோ அதை வைத்துத்தான் அவர் வேலை செய்யலாமா, அவரைத் திருப்பி அனுப்பலாமா, அவர் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டா என்பதெல்லாம் முடிவாகிறது. அதனால் இங்கே அகராதிப் பொருளோடு நிற்காமல், அந்தப் பெயர் ஒருவர் மேல் விழுந்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லப் பார்க்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழர் வரலாற்றிலிருந்தே வரும். இந்தப் பெயர்களில் அநேகமாக எல்லாமே நம்மவர்கள் மேல் ஒரு காலத்தில் ஒட்டியிருக்கின்றன.

சர்வதேசக் குடிபெயர்ந்தவர் என்றால் யார்?

ஐ.நா.வின் புள்ளிவிவரக் கணக்குப்படி, வழக்கமாக வாழும் நாட்டை விட்டு வேறொரு நாட்டில் குறைந்தது 12 மாதம் தங்குகிறவர் நீண்டகாலக் குடிபெயர்ந்தவர். மூன்று மாதத்துக்கு மேல் ஓராண்டுக்குள் என்றால் குறுகியகாலக் குடிபெயர்ந்தவர். சுற்றுலா, யாத்திரை, உறவினர் வீடு, வைத்தியம் என்று போய்வருபவர்கள் இதில் சேரமாட்டார்கள். ஏன் போனார் என்பதை இந்தக் கணக்கு கேட்பதில்லை. சிலிக்கான் வேலியில் இருக்கும் மென்பொருள் பொறியாளரும் மஸ்கட்டில் கட்டட வேலை பார்ப்பவரும் இதில் ஒரே வரிசைதான்.

2024 நடுப்பகுதியில் இப்படிப்பட்டவர்கள் உலகில் சுமார் 30.4 கோடிப் பேர் என்பது ஐ.நா. மதிப்பீடு. பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் உலக மக்கள்தொகையில் அது 3.7 சதவீதம்தான். மீதிப் பேர் பிறந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். ‘உலகமே கிளம்பி வருகிறது’ என்று மேடையில் யாராவது பேசினால் இந்த 3.7ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

இடம்பெயர்வு, புலம்பெயர்வு இரண்டும் ஒன்றுதானே?

இலங்கைத் தமிழில் ஓரளவு தெளிவான பிரிவு இருக்கிறது: நாட்டுக்குள்ளேயே போனால் இடம்பெயர்வு, நாட்டை விட்டுப் போனால் புலம்பெயர்வு. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. பீகாரிலிருந்து திருப்பூருக்கு வருபவரும் இங்கே புலம்பெயர் தொழிலாளர்தான். ஒரு கட்டுரையைப் படிக்கும்போது அது எந்தக் கரையிலிருந்து எழுதப்பட்டது என்று பார்த்துக்கொண்டால் போதும்.

அகதி யார்? போரிலிருந்து ஓடி வந்தவர் எல்லாரும் அகதிதானே?

பேச்சுவழக்கில் ஆமாம். சட்டத்தில் அவ்வளவு எளிது இல்லை.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை சில நிபந்தனைகள் வைக்கிறது. அவர் தன் நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க ஆதாரமுள்ள அச்சம் இருக்க வேண்டும். அந்தத் துன்புறுத்தல் இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றன் பொருட்டு இருக்க வேண்டும். சொந்த நாட்டு அரசிடம் பாதுகாப்புக் கேட்க முடியாத நிலையும் இருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் ‘போர்’ இல்லை என்பதைக் கவனியுங்கள். ஊரில் பொதுவாகக் குண்டு விழுந்தது என்பது மட்டும் போதாது, எனக்கு ஏன் குறி வைத்தார்கள் என்றும் காட்ட வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஐரோப்பாவை மனதில் வைத்து எழுதிய வாசகம் இது. முதலில் 1951 ஜனவரி 1க்கு முன் நடந்தவற்றுக்கு மட்டும்தான் பொருந்தியது. அந்தக் கால வரம்பையும், ஐரோப்பாவோடு நிறுத்திக்கொள்ள நாடுகளுக்கு இருந்த வாய்ப்பையும் 1967 நெறிமுறைதான் எடுத்தது. ஆப்பிரிக்க நாடுகள் 1969இல் தங்களுக்கென்று ஓர் உடன்படிக்கை செய்து, வெளி ஆக்கிரமிப்பு, பொது ஒழுங்கு குலைவு ஆகியவற்றிலிருந்து ஓடியவர்களையும் அகதிகளாக ஏற்றன. 1984இல் லத்தீன் அமெரிக்க நாடுகளின் கார்ட்டஹேனா பிரகடனமும் அதே வழியில் போனது. ஆசியாவில் நாடுகளைக் கட்டுப்படுத்தும் இப்படி ஓர் உடன்படிக்கை உருவாகவில்லை.

அப்படியானால் புகலிடம் கோருபவர் யார்?

பாதுகாப்புக் கேட்டு விண்ணப்பித்து, முடிவுக்காகக் காத்திருப்பவர். முடிவு சாதகமாக வந்தால் அவர் அங்கீகரிக்கப்பட்ட அகதி.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு நுட்பம் உண்டு. அங்கீகாரம் ஒருவரை அகதி ஆக்குவதில்லை என்பது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் நிலைப்பாடு. நிபந்தனைகள் அவருக்குப் பொருந்திய நாளிலேயே அவர் அகதி, அரசு அதைப் பிறகு உறுதிப்படுத்துகிறது, அவ்வளவுதான். ‘முடிவு வருகிறவரைக்கும் இவர் யாருமில்லை’ என்று ஓர் அதிகாரி நடந்துகொள்ள முடியாமல் தடுப்பது இந்த வாதம்தான்.

கள்ளத்தனமாக எல்லை கடந்தவர் எப்படி அகதி ஆவார்?

ஆவார். துரத்துகிற அரசிடமே போய் பாஸ்போர்ட் கேட்க முடியாது என்பது உடன்படிக்கையை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆபத்திலிருந்து நேராக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகள் முன் நின்று, தகுந்த காரணம் காட்டினால், அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்று 31ஆவது பிரிவு சொல்கிறது.

‘நேராக வந்து’ என்ற நிபந்தனையைப் பிடித்துக்கொண்டுதான் பல நாடுகள் ‘பாதுகாப்பான மூன்றாம் நாடு’ என்ற கருத்தை வளர்த்தன. வழியில் வேறொரு பாதுகாப்பான நாடு இருந்ததே, அங்கேயே கேட்டிருக்கலாமே என்பது வாதம். கனடாவும் அமெரிக்காவும் 2004 முதல் இதற்கென ஓர் ஒப்பந்தத்தை நடைமுறையில் வைத்திருக்கின்றன. 2023இல் அதை இரு நாட்டுத் தரை எல்லை முழுவதற்கும் நீட்டினார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழரை மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். அவர்கள் புறப்பட்டு வந்தது மேற்கு ஜெர்மனியிலிருந்து. அது தெரிந்ததும் கனடாவில் பெரிய சர்ச்சை கிளம்பியது, ஆனாலும் அவர்களைத் தங்க அனுமதித்தார்கள். இன்றைய மனநிலையில் அப்படி நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

‘திருப்பி அனுப்பாமை’ என்கிறார்களே, அது என்ன?

ஒருவருடைய உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து இருக்கும் இடத்துக்கு அவரைத் தள்ளிவிடக் கூடாது என்ற விதி. 1951 உடன்படிக்கையின் 33ஆவது பிரிவு. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையிலும் இது இருக்கிறது. உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாட்டையும் வழக்காற்றுச் சர்வதேசச் சட்டமாக இது கட்டுப்படுத்தும் என்பது பரவலான கருத்து. அகதிச் சட்டத்தில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். வீடு, வேலை, படிப்பு எல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் ஆள் உயிரோடு இருக்க வேண்டும்.

இந்தியா கையெழுத்திட்டிருக்கிறதா?

இல்லை. 1951 உடன்படிக்கையிலும் இல்லை, 1967 நெறிமுறையிலும் இல்லை. இலங்கையும் அப்படியே. இந்தியாவில் அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் கிடையாது.

அதனால் யார் எப்படி நடத்தப்படுகிறார் என்பது அந்தந்தக் காலத்து அரசின் முடிவு. திபெத்தியரையும் இலங்கைத் தமிழரையும் அரசே நேரடியாகப் பதிவு செய்து பார்த்துக்கொள்கிறது. ஆப்கானியர், ரோஹிங்கியர் போன்றவர்களுக்கு டெல்லியில் ஐ.நா. அகதிகள் ஆணையம் அட்டை தருகிறது.

தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்கள் சட்டப்படி யார்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அங்கிருந்து அலை அலையாகத் தமிழ் மக்கள் வந்தார்கள். பலருக்கு முதல் இடம் மண்டபம் முகாம். இன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள், வெளியே காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வாழ்பவர்கள் தனி. மாநில அரசு மாத உதவித்தொகை கொடுக்கிறது, ரேஷன் கொடுக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகிறார்கள். 2021இல் முகாம்களின் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள்.

ஆனால் குடியுரிமை மத்திய அரசின் கையில். 2003இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம், உரிய ஆவணம் இல்லாமல் நுழைந்தவரைச் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்கிறது. அப்படிப்பட்டவர் பதிவு செய்தோ, ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த தகுதியிலோ குடியுரிமை கேட்க முடியாது. ஆக, மாநில அரசின் ரேஷன் பட்டியலில் அகதி, மத்திய அரசின் சட்டப் புத்தகத்தில் சட்டவிரோதக் குடியேறி. ஒரே ஆள்தான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களில் குறிப்பிட்ட மதத்தினருக்கு மட்டும் கதவு திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

2025 செப்டம்பரில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. வழக்குப் பயம் குறையும். குடியுரிமை இதனால் வந்துவிடாது.

முகாமிலேயே பிறந்த பிள்ளை இந்தியர் இல்லையா?

பிறந்த தேதியைப் பொறுத்தது. குடியுரிமை கொடுப்பதில் உலகில் இரண்டு பழைய வழிகள் உண்டு: பிறந்த மண்ணை வைத்துக் கொடுப்பது, பெற்றோரின் வழியை வைத்துக் கொடுப்பது. அமெரிக்காவின் 14ஆவது அரசியல் சட்டத் திருத்தம் முதல் வகை. இந்தியா முதல் வகையில் தொடங்கி இரண்டாவதை நோக்கி நகர்ந்த நாடு.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்தவர், ஓரிரு விதிவிலக்கு தவிர, பிறப்பால் இந்தியர், பெற்றோர் யாராக இருந்தாலும் சரி. அதன் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கம்: ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. 1987க்கு முன் முகாமில் பிறந்தவர்கள் இந்த விதியைக் காட்டி நீதிமன்றம் போய் இந்தியப் பாஸ்போர்ட் பெற்ற நிகழ்வு உண்டு. அதே வீட்டில் 1988இல் பிறந்த தம்பிக்கு அந்த வழி இல்லை.

நாடற்றவர் என்றால்?

எந்த நாட்டுச் சட்டமும் தன் குடிமகனாக ஏற்காதவர். அகதிக்குச் சொந்த நாடு இருக்கும், போக முடியாது. நாடற்றவர் எல்லையே தாண்டாமல்கூட நாடற்றவர் ஆகலாம்.

மலையகத் தமிழரின் கதையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து தலைமுறைகள் ஆனவர்கள். இலங்கை சுதந்திரம் பெற்ற அதே 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. ‘லயன்’ எனப்படும் தோட்டத்து வரிசை வீட்டு அறையில் வாழ்ந்தவரிடம் எங்கே இருக்கும் அந்தக் காகிதம்? சுமார் ஏழு லட்சம் பேர் குடியுரிமை இழந்தார்கள், வாக்கும் போனது. இந்தியாவும் அவர்களைத் தன் குடிமக்களாகக் கணக்கில் எடுக்கவில்லை.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். கணக்கில் 9,75,000 பேர். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் விருப்பம் கேட்டுவிட்டு ஒப்பந்தம் எழுதவில்லை. அப்படி வந்தவர்களுக்கு இந்திய ஆவணங்களில் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர். பிறந்த ஊர் ஹட்டன், தாயகம் திருச்சி. அவர்களில் பலருக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ வளர்ந்தது. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போனால் அந்தக் குடும்பங்களைப் பார்க்கலாம். இலங்கையில் எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலைக்கு 2003இல் வந்த சட்டம்தான் பெருமளவு முடிவு கட்டியது.

இவர்களையும் போருக்குத் தப்பி வந்தவர்களையும் ‘சிலோன்காரங்க’ என்று ஒரே வார்த்தையில் அடைப்பது தமிழ்நாட்டில் சகஜம். முன்னவர் கையில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வந்தவர்கள்.

நாட்டுக்குள்ளேயே துரத்தப்பட்டவரை என்னவென்று சொல்வது?

உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். எல்லை தாண்டாததால் அகதிகள் உடன்படிக்கை பொருந்தாது, அவர்களைக் காக்கும் பொறுப்பு அவர்களுடைய அரசுக்குத்தான். பல நேரம் துரத்தியதும் அதே அரசாக இருக்கும் என்பதுதான் சிக்கல். 1998இல் ஐ.நா. இதற்கு வழிகாட்டிக் கோட்பாடுகள் வெளியிட்டது, ஆனால் அவை கட்டாயச் சட்டமில்லை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த முஸ்லிம்களும், 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்ட வன்னி மக்களும் இந்த வகை.

2024 முடிவில் உலகில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்தோர் 12.3 கோடிப் பேர். அதில் 7.3 கோடிக்கும் மேல் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்களே. தொலைக்காட்சியில் படகுகளைத்தான் அதிகம் காட்டுகிறார்கள்.

‘சட்டவிரோதக் குடியேறி’ என்று சொல்லக் கூடாதா?

ஐ.நா. பொதுச்சபை 1975லேயே, ‘ஆவணமற்ற’ அல்லது ‘ஒழுங்குமுறைக்கு வெளியே உள்ள’ தொழிலாளர் என்று எழுதச் சொல்லிவிட்டது. காரணம் நாகரிகம் மட்டும் இல்லை. ஆவணம் இல்லாத நிலை மாறக்கூடியது. விமானத்தில் முறையான விசாவோடு இறங்கியவர், முதலாளி புதுப்பிக்காததால் ஆறு மாதம் கழித்து ஆவணமற்றவர் ஆகிறார். பொதுமன்னிப்பு அறிவித்தால் மறுபடியும் ஒழுங்குக்குள் வருகிறார். இந்தியச் சட்டத்தில் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல் இருப்பதால் அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது அதைத் தவிர்க்க முடியாது. மற்ற இடத்தில் நான் தவிர்க்கிறேன்.

கஃபாலா என்றால் என்ன? அது ஒழிந்துவிட்டதா?

வளைகுடா நாடுகளிலும் லெபனான், ஜோர்டானிலும் உள்ள பொறுப்பாளர் முறை. தொழிலாளியின் வசிப்பு உரிமை, அவரை வரவழைத்த கஃபீலோடு, அதாவது அந்தப் பொறுப்பாளரோடு, கட்டப்பட்டிருக்கும். வேலை மாற, சில இடங்களில் நாட்டை விட்டுக் கிளம்பக்கூட, அவர் சம்மதம் வேண்டும். சவுதியில் ஆள் ஓடிவிட்டார் என்று கஃபீல் ‘ஹுரூப்’ என்ற புகார் கொடுத்துவிட்டால் இகாமா என்ற வசிப்பு அனுமதி செல்லாமல் போகலாம், போலீஸ் பிடித்தால் சிறைக்கும் போகலாம். சம்பளப் பாக்கி கேட்டவர்மேல் ஹுரூப் போடுவது பழைய தந்திரம்.

கத்தார் 2020இல் வேலை மாறுவதற்கான தடையில்லாச் சான்றை நீக்கியது, சவுதி 2021இல் சில கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. சவுதிச் சீர்திருத்தத்தில் வீட்டு வேலை செய்பவர்களைச் சேர்க்கவில்லை. மிகவும் தேவைப்பட்டவர்கள் அவர்கள்தான். எனவே ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன்.

புலம்பெயர் தொழிலாளர் உரிமைகளுக்கென 1990 டிசம்பர் 18 அன்று ஐ.நா. ஏற்ற உடன்படிக்கை ஒன்று உண்டு. இலங்கை 1996இல் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை, வளைகுடா நாடு ஒன்றுகூடச் சேரவில்லை. ஆளை அனுப்பும் நாடுகள் கையெழுத்துப் போட்டு, வேலை வாங்கும் நாடுகள் போடாமல் இருக்கும் உடன்படிக்கை அது.

ஆட்கடத்தலும், எல்லை கடத்திவிடுவதும் வேறு வேறா?

வேறு. 2000ஆம் ஆண்டின் பலெர்மோ நெறிமுறைகள் இரண்டையும் தனித்தனியாக வைக்கின்றன. பணம் வாங்கிக்கொண்டு ஒருவரை அவர் சம்மதத்தோடு எல்லை தாண்ட வைப்பது கடத்திவிடுதல். கரை சேர்ந்ததும் கணக்கு முடிந்தது, குற்றம் அரசுக்கு எதிரானது. ஆட்கடத்தலில் நோக்கமே சுரண்டல்: ஏமாற்றியோ மிரட்டியோ கொண்டுபோய் வேலை வாங்குவது, பாலியல் தொழிலில் தள்ளுவது. ஏமாற்றி வாங்கிய சம்மதத்துக்கு மதிப்பில்லை. எல்லை தாண்ட வேண்டும் என்றும் இல்லை.

விமானத்தில், விசாவோடு போனவரும் ஆட்கடத்தலுக்கு ஆளாகலாம். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப்போன தமிழக இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டு, பின்னர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். அவர்களைக் ‘குற்றவாளிகள்’ என்று பார்ப்பதா, ‘பாதிக்கப்பட்டவர்கள்’ என்று பார்ப்பதா என்பதில்தான் இந்த வேறுபாடு பயன்படுகிறது.

காலநிலை அகதி என்று ஒருவர் உண்டா?

சட்டத்தில் இல்லை. கடலுக்கு இனம், மதம் பார்த்துத் துரத்தும் நோக்கம் கிடையாதே. கிரிபாட்டி தீவைச் சேர்ந்த ஐயோனே டெய்ட்டியோட்டா நியூசிலாந்தில் இப்படிக் கேட்டுத் தோற்றார். அவர் புகாரில் 2020இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அவருக்குச் சாதகமாக முடிவு சொல்லவில்லை. ஆனால், காலநிலை மாற்றம் உயிருக்கே ஆபத்தாகும் நிலை வந்தால் திருப்பி அனுப்பாமை விதி பொருந்தலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தது. பசிபிக் தீவு நாடான துவாலுவிலிருந்து ஆண்டுக்கு 280 பேர் வரை வந்து தங்க ஆஸ்திரேலியா ஒப்பந்தம் செய்திருக்கிறது. அதிலும் அவர்களுக்கு அகதி என்ற பெயர் கிடையாது.

என்.ஆர்.ஐ., ஓ.சி.ஐ. வித்தியாசம்?

என்.ஆர்.ஐ. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன். வாக்கு உண்டு, ஊருக்கு வந்து போட வேண்டும். ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் வேறு நாட்டுக் குடிமகன். நீண்டகால விசா மாதிரி, வாக்கு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, இலங்கை நிபந்தனைகளோடு தருகிறது.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் ஒரு நாட்டுக்கு எவ்வளவு முக்கியம்?

2024இல் இந்தியாவுக்கு வந்தது சுமார் 12,900 கோடி டாலர் என்பது உலக வங்கி மதிப்பீடு, உலகிலேயே அதிகம். ஆனால் இந்தப் பணத்தின் வலிமையைப் பார்க்க இலங்கைதான் சரியான இடம். 2020இல் 710 கோடி டாலர் வந்தது. 2021இல் அரசு டாலர் விலையைச் செயற்கையாகப் பிடித்து வைக்க, வங்கியில் ஒரு விலை, உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றும் வழியில், அதைவிட நல்ல விலை. வெளிநாட்டில் இருந்தவர்கள் உண்டியலுக்கு மாறினார்கள். 2022இல் வங்கி வழி வந்தது 380 கோடியாகச் சுருங்கியது. பெட்ரோல் வரிசை நீண்ட அதே ஆண்டு. விலையைச் சந்தைக்கு விட்டபின் 2023இல் பணம் மறுபடி 600 கோடியை நெருங்கியது. மாதம் ஐம்பது, நூறு டாலர் அனுப்பும் வீட்டுப் பணிப்பெண்களின் முடிவு ஒரு மத்திய வங்கியை அசைத்தது.

வேலைக்குப் போகிறவர் எந்தச் சொற்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

பத்தாம் வகுப்பு தேறாதவரின் இந்தியப் பாஸ்போர்ட்டில் பொதுவாக ‘குடியகல்வுச் சோதனை தேவை’ என்ற குறிப்பு, அதாவது ஈ.சி.ஆர்., இருக்கும். வளைகுடா, மலேசியா உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ‘விசிட் விசாவில் போங்க, அங்கே மாத்திக்கலாம்’ என்று ஏஜென்ட் சொன்னால், அந்தச் சோதனையைத் தாண்டிக் குதிக்கச் சொல்கிறார் என்று பொருள். அப்படிப் போனவருக்கு ஒப்பந்தம் அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவாகியிருக்காது, பத்து லட்ச ரூபாய் பிரவாசி பாரதீய காப்பீடும் பெரும்பாலும் இருக்காது. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்திலேயே பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். இலங்கையிலிருந்து போகிறவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டே விமானம் ஏற வேண்டும்.